நான் நன்றி சொல்லவில்லை, தம்பி

தம்பி, நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். நீ அனுப்புகிற போட்டோக்களே அதைச் சொல்கின்றன. புதுப் பெட்டி வாங்கியிருக்கிறாய், குளிருக்குப் போட்டுக்கொள்ள முழங்கால் வரை கோட்டு வாங்கியிருக்கிறாய், அடுத்த மாதம் விமானம் ஏறப் போகிறாய். ஏறுவதற்கு முன்னால் சென்னைக்கு வந்து கொஞ்ச நாள் உன்னோடு இருக்கச் சொல்கிறாய். போன வாரம் போனில், "ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்க? எது கேட்டாலும் ம், ம்முன்னுதான் சொல்ற. வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?" என்றாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னேனே, அது என்ன ஆயிற்று? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதை நடுவில் நின்று நீ வேறாக மாற்றிச் சொல்ல முடியாது.

உனக்கு மட்டும் எழுதவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கம்பெனி பெயரையும் போடவில்லை. பெற்ற வயிறு அவ்வளவுக்குத்தான் இடம் கொடுக்கிறது. நான் யார் என்பதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நீ அதைச் சொல்லவில்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். அரிசி பருப்பை அளந்து கொடுத்து, முட்டையை எண்ணி வைத்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிற வேலை. பிள்ளைகள் என்னைச் சத்துணவு டீச்சர் என்று கூப்பிடும். இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து நடவு நட்டேன், களை பறித்தேன். உன் அப்பா மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அடுத்த வருஷம் ஓய்வு. முட்டி வலிக்கிறது, கண்ணில் புரை என்கிறார்கள். இனிமேல் யாருக்குப் பயந்து எதை மறைக்கப் போகிறேன்?

உன்னை ஆறாம் வகுப்புக்கு நாகப்பட்டினத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம், நினைவிருக்கிறதா? முதல் மாதமே பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நீ வாசித்தாய், வகுப்பே சிரித்தது. "நீ உக்காரு, வேற யாராவது வாசிங்க" என்று அந்த டீச்சர் சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடின வாய் வீட்டிலும் திறக்கவில்லை. சோறு வேண்டும் என்றால் தட்டை நகர்த்துவாய், போதும் என்றால் கையை வைத்து மறைப்பாய். உன் அப்பா அதிராம்பட்டினம் போய், அரபு நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் கெஞ்சிக் கேட்டுப் பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்தார். நீ மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அதில் வாசிப்பாய், திருப்பிப் போட்டுக் கேட்பாய், கேட்டுவிட்டு உன்னையே திட்டிக்கொள்வாய், மறுபடி வாசிப்பாய். அப்பா வைக்கோல் எடுக்கிற சாக்கில் போய் நின்று கேட்டுவிட்டு வந்து, "ஏய், நம்ம பய கலெக்டர் கணக்கா பேசுறான்டி" என்பார். அவருக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் அந்த மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த பூரிப்பு இருக்கிறதே, அதை நான் எதனோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அதனால்தான், பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிப்பதைக் காதால் கேட்டுச் சரி தப்பு சொல்கிற மெஷின் ஒன்றைச் செய்கிறோம் என்று நீ வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "நம்ம புள்ளைங்க யாரும் இனிமே கிளாஸ்ல எழுந்து நின்னு அசிங்கப்பட வேணாம்மா. தனியா டேப்லெட்ல பேசட்டும். தப்பா சொன்னா அது மறுபடி சொல்லிக் குடுக்கும். மெஷின் சிரிக்காதும்மா" என்றாய். இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனி மாதத்தில் நீயே வந்து, பள்ளிக்கூடத்து வராண்டாவில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொன்றின் குரலையும் பதிவு செய்தாய். "எந்த ஊரு புள்ளைங்க பேசி அது கத்துக்குதோ, அந்த ஊரு புள்ளைங்க பேச்சுதான் அதுக்குப் புரியும். இப்ப வரைக்கும் அது பட்டணத்துப் புள்ளைங்களத்தான் கேட்டிருக்கு. நம்ம புள்ளைங்கள கேக்கணும்ல?" என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். பதிவு செய்த குரல்களை எடுத்துக்கொண்டு போனாய். தீபாவளி கழித்து, சிலேட்டு மாதிரி இருக்கிற அந்த டேப்கள் வந்தன. ஆனால் அந்தக் குரல்கள் மட்டும் அதற்குள் போகவில்லை. கேட்டதற்கு, "டைம் இல்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாய். பொங்கலுக்குள் இத்தனை பள்ளிக்கூடத்தில் போட்டாக வேண்டும் என்று மேலே நெருக்குகிறார்கள் என்றாய். சரி, பிழைப்பு அப்படி என்று நானும் விட்டுவிட்டேன்.

நீ சொன்னது உண்மைதான், மெஷின் சிரிக்கவில்லை. சிவப்புக் காட்டியது. பிள்ளை ஒரு வரி வாசித்தால் சரியான சொல்லுக்குப் பச்சை, தப்பான சொல்லுக்குச் சிவப்பு. எல்லாம் பச்சையானால்தான் அடுத்த பாடம் திறக்கும். நம் பிள்ளைகள் என்ன வாசித்தாலும் சிவப்பு. சத்தமாகச் சொன்னாலும் சிவப்பு, மெதுவாகச் சொன்னாலும் சிவப்பு. தலைமையாசிரியரைப் பெரிய டீச்சர் என்போமே, அவர் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர், வாங்கி வாசித்துப் பார்த்தார். "எனக்கே சிவப்பாம்ல!" என்று சிரித்துக்கொண்டே டேப்பை மேசையில் வைத்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு. பிள்ளைக்கு அப்படியா? முதல் பாடத்தைத் தாண்டாமல் கார்த்திகை முழுக்கக் கிடந்தன. சாப்பாட்டு வரிசையில் காக்காய்க் கூட்டமாகக் கத்துகிற பிள்ளைகள், டேப்பைக் கையில் கொடுத்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பயந்து பயந்து பேசின.

ஒருத்திக்கு மட்டும் பச்சை விழுந்தது. செல்வியின் மகள் திலகா, ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகப் போய் வந்து, செல்விக்குப் பிறந்த ஒரே பெண். அந்தப் பிள்ளைக்கு யார் பேசினாலும் அப்படியே பேச வரும். பஸ் கண்டக்டர் மாதிரி பேசும், முட்டை வண்டிக்காரர் மாதிரி பேசும். நான் சமையல்காரம்மாவைத் திட்டுவதை எனக்குப் பின்னாலேயே நின்று பேசிக்காட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறது. டேப்புக்குள் ஒரு பெண் குரல் வாசித்துக்காட்டுகிறதே, அதைக் கேட்டு அதே இழுப்பில் அதே மூச்சில் திருப்பிச் சொன்னாள். மெஷின் மயங்கிவிட்டது. அவள் மளமளவென்று எல்லாப் பாடத்தையும் முடித்தாள், அதில் தமிழில் காட்டுகிற அர்த்தத்தையும் படித்துக்கொண்டாள். அப்புறம் மற்ற பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டன. மாறன் டேப்பில் மாறனுக்காக அவள் வாசித்தாள், கவிதா டேப்பில் கவிதாவுக்காக வாசித்தாள். அதற்குப் பதிலாக அவள் முறை வரும்போது வகுப்பறையை அவர்கள் கூட்டினார்கள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் பட்டப்பகலில், எல்லோர் கண் முன்னாலும்தான் நடந்தது. "என்னடா கூத்து இது?" என்று கேட்டேன். "எனக்கு திலகாதான் டீச்சர் மாத்தாள்" என்றான் மாறன், என்னமோ நான்தான் ஒன்றும் தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியட்டும் என்று இதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் விசேஷம் என்றால் அவள் இடம் காலியாக இருக்கக் கூடாது. இன்னொருத்தியை அனுப்புவாள். வந்தவள் போகாதவளின் இடத்தில் நின்று, அவள் பெயரிலேயே நடுவாள். அவள்தான் மாத்தாள். நிலத்துக்காரர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார். நாளைக்கு இவளுக்கு ஒன்று என்றால் அவள் போய் நிற்பாள். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? உனக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்து நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போது நடவு மும்முரம். நான் உன் கட்டிலை விட்டு நகரவில்லை. என் இடத்தில் நின்று நட்டவள் யார்? இதே செல்விதான். கல்யாணமாகி வந்த புதுசு அவள், கையில் சிவப்பு வளையல்கூடக் கழற்றவில்லை. அவள் குனிந்து நட்ட கூலி என் பெயரில் வந்து உன் மருந்துக்குப் போயிற்று. இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டுக் கேட்டு உனக்கே அலுத்துப்போயிருக்கும்.

பிள்ளைகள் செய்வதை உனக்குப் போனில் சொன்னேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "சூப்பரும்மா! நம்ம ஊரு புத்தி எங்க போவும்?" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்டேன்: "அவ ஒருத்திதானடா பேசுறா? மத்ததுவோ வாயே தொறக்கலியே, அதுவோ என்னத்தக் கத்துக்கும்?" சிரிப்பை நிறுத்தினாய். அப்புறம், "இப்ப எதையும் கௌறாதம்மா. மாசி மாசம் காசு போடுறவங்க பாக்க வர்றாங்க. ரிப்போர்ட்ல உங்க ஸ்கூல்தான் முழுக்கப் பச்சையா இருக்கு. அவங்க வந்துட்டுப் போவட்டும், நான் சரி பண்றேன். பெரிய டீச்சர்கிட்டயும் சொல்லிரு" என்றாய். சொன்னாய்தானே? சனிக்கிழமை போனில் இதைக் கேட்பார்கள், இப்போதே யோசித்து வைத்துக்கொள். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் மகன், அவன் வேலை, அவன் உயர்வு என்று எனக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு நான் பட்டதும் போதாது, அந்தப் பிள்ளையும் படுகிறது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நீ ஊருக்கு வந்து, நேராகச் செல்வி தெருவுக்குப் போனாய். நம் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், நீ கண்டுகொள்ளவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை! செல்வி வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அக்கா, திலகாவுக்கு கும்பகோணத்துல பெரிய ஸ்கூல்ல சீட்டு உறுதி. ஆறாவதுலேருந்து பன்னண்டாவது வரைக்கும் ஹாஸ்டலோட நாளைக்கு வர்றவங்க செலவு. ஸ்கூலுக்கு ஒரு புள்ளைக்குத்தான் குடுக்கிறாங்க, அது நம்ம திலகாதான்" என்றாய். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் அவள் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தாள். நான் பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டி வைத்திருந்தேன்.

வடக்கேயிருந்து வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு அம்மா, ஒரு ஐயா. நல்ல மனுஷர்களாகத்தான் தெரிந்தார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாது. நீ பேசினாய், படம் காட்டினாய், கை தட்டினோம். அப்புறம் அந்த அம்மா மாறனைக் கூப்பிட்டு, டேப்பைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தான். சிவப்பு. மறுபடி வாசித்தான், மறுபடி சிவப்பு. கவிதாவை அழைத்தார், அதற்கும் சிவப்பு. அந்த ஐயா தன் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக இருந்தார். நீ என்ன செய்தாய்? ஒன்றும் தெரியாதவன் போல மாறனைப் பார்த்து, "என்னடா, இவ்ளோ நாளு பச்ச வந்துச்சே, இன்னிக்கி என்ன ஆச்சு?" என்று கேட்டாய். அவன் கள்ளம் தெரியாத பிள்ளை. "எனக்கு திலகாதான் சார் மாத்தாள்" என்றான். "எனக்கும் சார்!" "எனக்கும் சார்!" என்று எல்லாம் கையைத் தூக்கின. திலகா எழுந்து நின்றாள், சிரித்த முகமாக. பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டது அந்தப் பைத்தியம்.

அந்த அம்மா உன்னைப் பார்த்து என்னவோ கேட்டார். அந்த நிமிஷத்தில் உனக்கு எத்தனை வழி இருந்தது தம்பி? மாத்தாள் என்றால் என்னவென்று சொல்லியிருக்கலாம். மெஷினுக்கு நம் பிள்ளைகள் பேச்சு இன்னும் பழகவில்லை என்று சொல்லியிருக்கலாம். குறைந்த பட்சம் எனக்கும் இப்போதுதான் தெரிகிறது, விசாரிக்கிறேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். நீ திலகாவைக் கை காட்டிக் கடகடவென்று பேசினாய். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனால் அரசாங்க வேலையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு நாலு சொல் காதில் விழாதா? 'சீட்டிங்' என்றாய். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நாங்களும் ஏமாந்துவிட்டோம் என்கிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாய். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பெரிய டீச்சர் தரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து செல்வி என் முந்தானையை இழுத்தாள். "என்னக்கா சொல்றாங்க? திலகா பேரு சொன்னாங்களே, சீட்டுப் பத்தியா?" என்றாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "அம்மா, ஐயா, அந்தப் புள்ள யாரையும் ஏமாத்தல. எங்க ஊர்ல ஒருத்திக்கு முடியலன்னா இன்னொருத்தி நிப்பா, அதத்தான் அது செஞ்சுது. எங்க புள்ளைங்க பேசினா உங்க மெஷினுக்குப் புரியல, புள்ளைங்க என்ன பண்ணும்? இது என் மவனுக்கும் முன்னாடியே தெரியும், நாந்தான் போன்ல சொன்னேன். தண்டிக்கிறதுன்னா எங்கள தண்டிங்க. அந்தப் புள்ள சீட்டப் பறிச்சிறாதீங்க" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர்கள் இருவரும் என்னையே பார்த்தார்கள். அப்புறம், என்ன சொல்கிறாள் இவள் என்று உன்னைப் பார்த்தார்கள்.

நீ சிரித்துக்கொண்டே ஒரே வரியில் சொல்லி முடித்தாய். 'மிட் டே மீல் ஸ்டாஃப்' என்றாய், 'தேங்க்' என்றாய். அம்மா என்கிற சொல் அதில் எங்கேயும் இல்லை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அடப்பாவி மகனே, நானும் திருப்பிக் கும்பிட்டுவிட்டேன்! யாராவது கும்பிட்டால் கை தானாகக் கூடிவிடுகிறது, பழக்கம். நான் வயிறெரிந்து சொன்னதெல்லாம் நன்றியாக முடிந்துபோயிற்று, அதற்கு என் கையாலேயே முத்திரையும் குத்தியாயிற்று. இப்போது நினைத்தாலும் இந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று இருக்கிறது.

அவர்கள் திலகாவின் தலையைத் தடவிவிட்டு, கொண்டுவந்த பரிசுப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். நீ காரில் ஏறப்போகும்போது என்னைத் தனியாக இழுத்து, "புரிஞ்சிக்கம்மா, எல்லாம் கவுந்துரும் போல இருந்துச்சு. அவளுக்கு வேற ஸ்கூல் நான் பாத்துத் தர்றேன்" என்றாய். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. நான் கேட்கும்போதெல்லாம் "விடும்மா, அது முடிஞ்சுபோன விஷயம்" என்கிறாய். யாருக்கடா முடிந்தது? உனக்கு விசா வந்தது, வேலை உயர்ந்தது. இங்கே பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு எங்கே என்று தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் அவள் கேசரியைத் தொடவில்லை. எல்லாப் பிள்ளையும் கை கழுவப் போன பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க நன்றி சொல்லலியே. அண்ணன் ஏன் அப்புடி மாத்திச் சொன்னாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அந்த அறையில் நீ இங்கிலீஷில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்த பிள்ளை அவள் ஒருத்திதான். நீ சொன்னாயே சீட்டிங் என்று, அதையும் சேர்த்துத்தான். "அண்ணனுக்கு அவசரம்டி" என்றேன். என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்த வாய் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று பெஞ்சைப் பார்க்கிறாள். கண்டக்டரும் இல்லை, முட்டை வண்டிக்காரரும் இல்லை. வீட்டில் தட்டை நகர்த்துகிறாளாம் தம்பி, சோறு வேண்டும் என்றால். செல்வி சொன்னாள். அந்த மாதிரி ஒரு பிள்ளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உன்னை அப்படி ஆக்கியது யாரோ ஒரு டீச்சர். இவளை ஆக்கியது நீ.

தெருவில் சும்மா இருப்பார்களா? "உன் மவ திருட்டுத்தனமா பச்ச வாங்குனாளாமே" என்று செல்வியிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "விடுங்கக்கா, நம்ம தம்பி வேணும்னா செஞ்சிருக்கும்? ஏதோ வாய் தவறி வந்திருக்கும். நாம பாத்து வளந்த புள்ளைதானே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னும் உன்னை நம்புகிறாள் பாரு, அதுதான் என்னைக் கொல்கிறது.

அம்மாவுக்கு மெஷின் மேல் கோபம் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்காதே. மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பழக்கினால் அது பழகும் என்று நீதானே சொன்னாய்? ஆனி மாதத்தில் பதிவு செய்த அந்தக் குரல்கள் எங்கேயோ கிடக்கும், எடுத்துப் போடு, நம் பிள்ளைகளும் பச்சை வாங்கும். அதற்குக் காது கேட்காதது அதன் குற்றமில்லை. உனக்குக் காது கேட்டது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது, புரிந்தது, புரிந்த பிறகுதான் மாற்றினாய். நீ போகிற ஊரில் உன்னை நம்பி இதே மாதிரி எத்தனையோ பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல். நடுவில் நிற்கிறவனுக்கு இருக்கிற பலம் பெரிய பலம், தம்பி. அதை ஏழைப் பிள்ளை மேல் காட்டாதே. நான் சொல்கிற புத்திமதி இந்த ஒன்றுதான். சாப்பாடு, குளிர், உடம்பு இதெல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கி நீங்க தரையப் பாத்தீங்க, நான் கும்பிட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் இதச் சரி பண்ணணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் அந்த வடக்கத்தி அம்மா கொடுத்துவிட்டுப் போன கார்டைத் தேடி எடுத்தார். திலகாவையே பேச வைக்கலாம், அவளுக்குத்தான் அந்த இங்கிலீஷ் வரும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் மாத்தாளாக நின்று அந்தப் பிள்ளை பட்டது போதும், எனக்காகவும் நிற்க வேண்டாம். நான் தமிழில் சொன்னேன், போனில் என் குரலிலேயே பதிவு செய்து. நான் யாருடைய தாய் என்பதையும் சொன்னேன். அதற்குக் கீழே பெரிய டீச்சர் இங்கிலீஷில் எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் திருப்பிப் படித்துக்காட்டச் சொல்லி, ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. சீட்டு இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். சனிக்கிழமை காலையில் எல்லோரையும் ஒரே போனில் வைத்துப் பேச வேண்டுமாம். நான் இருப்பேன், பெரிய டீச்சர் இருப்பார், செல்வி இருப்பாள். உனக்கும் தகவல் வந்திருக்கும். வந்த பிறகுதான் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்புகிறேன், நீ முந்திக்கொள்ளக் கூடாது என்று. இதனால் உன் பயணம் நின்றுபோகலாம், வேலையும் போகலாம். போனால் அதற்குக் காரணம் நான்தான், உலகத்தில் வேறு யாரையும் குற்றம் சொல்லாதே. ஊருக்கு வா, சோறு போடுகிறேன்.

சனிக்கிழமை நீ எடுத்த எடுப்பில் இங்கிலீஷில் ஆரம்பிக்காதே. முதலில் தமிழில் சொல், செல்விக்குப் புரிகிற மாதிரி. அவள் கேட்டு முடித்த பிறகு அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா